அம்மா முட்டியில் போட்ட ஊசி எந்த பாட்டில்? யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கவுண்டன்யா:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. சுருக்கமா நாலு பேர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் "கேஸ் போடு"ன்னு ரெண்டே வார்த்தைல முடிச்சிட்டாங்க.

ஊர் குடியாத்தம். அம்மாவுக்கு 61 வயசு. நாப்பது வருஷம் பீடி சுத்தினவங்க. சம்மணம் போட்டே முட்டி தேஞ்சிடுச்சுன்னு அவங்களே சொல்வாங்க. சர்க்கரை இருக்கு, மாத்திரையில கட்டுக்குள்ளதான் இருந்தது. போன ஆடில வலது முட்டி வலி தாங்க முடியாம டவுன்ல ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போனேன். பேர் இங்க வேணாம்.

எக்ஸ்ரே எடுத்தாங்க. "தேய்மானம்தான். முட்டிக்குள்ள ஒரு ஊசி போட்டா கொஞ்ச மாசம் ஓடும்"னார் டாக்டர். ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் படுக்க வெச்சாங்க. மருந்து, டாக்டர் பீஸ், பெட் சார்ஜ் எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய்.

அந்த ரூம்ல நான் பார்த்ததைச் சொல்லணும். ஸ்டீல் டிரேயில மரத்துப்போற மருந்து பாட்டில் ஒண்ணு. அதோட ரப்பர் மூடியில ஏற்கெனவே ஒரு ஊசி குத்தி ஊதுபத்தி மாதிரி நின்னுட்டு இருந்தது. நர்ஸ் பொண்ணு புது சிரிஞ்சை அதுல மாட்டி மருந்தை இழுத்துச்சு, சிரிஞ்சை மட்டும் கழட்டிக்கிச்சு. ஊசி அங்கயே நின்னுது. எங்களுக்கு முன்னாடி பெஞ்சுல மூணு பேர் இருந்தாங்க. அவங்களுக்கும் அதே பாட்டில்தான்னு நினைக்கிறேன். அப்போ எனக்கு ஒண்ணும் தோணல. சிரிஞ்சு கவர் பிரிக்கறதைப் பார்த்து, "பரவால்ல, புதுசுதான்"னு திருப்திப்பட்டுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஊசி. ஞாயிறு ராத்திரி குளிர் ஜுரம். திங்கள் போன் பண்ணேன். "ஊசி போட்டா ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இருக்கும், ஐஸ் வைங்க"ன்னாங்க. புதன் நேர்ல போனோம், மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அடுத்த வெள்ளி அம்மாவால காலைத் தரையில ஊன முடியல. கார் வெச்சு வேலூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க பெரிய ஆஸ்பத்திரியில முட்டில இருந்து நீர் எடுத்தாங்க. நீர் இல்ல, கஞ்சி. ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணிக் கழுவினாங்க. 17 நாள், 3,12,000 ரூபாய். சம்பளம் 21,000 தாண்டினதால என் இ.எஸ்.ஐ. போயிடுச்சு. முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருமானம் கூட. ரெண்டு பக்கமும் சேராத ஆளு நான். என் மனைவியோட செயின் பேங்குல இருக்கு.

அம்மா இப்போ வாக்கர் வெச்சு நடக்கறாங்க. கீழ உக்கார முடியாது. கீழ உக்காராம பீடி சுத்த அவங்களுக்கு வரல. முறம் மூலையில சாத்திக் கிடக்கு.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பப் போனேன். சண்டைக்கு இல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அன்னிக்கு அம்மாவுக்குப் போட்டது எந்த பாட்டில், அது என்னிக்குத் திறந்தது, வேற யாருக்கெல்லாம் போட்டீங்க? டாக்டர், "இங்க எல்லாம் ஸ்டெரைல்தான், சுகர் பேஷண்டுக்கு இப்படி ஆகறது உண்டு"ன்னார். மேனேஜர் தனியாக் கூப்பிட்டு, மனிதாபிமானத்துல 25,000 தரேன், ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுங்கன்னார். வாங்கல. வாங்காததுக்கு வீட்டுல இன்னும் திட்டு விழுது.

எனக்கு ஏன் அந்தக் கேள்வின்னா, நான் பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு தோல் பதனிடுற தொழிற்சாலையில சூப்பர்வைசர். எங்க டிரம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு உண்டு. எத்தனை கிலோ தோல், எந்த லாட், என்ன கெமிக்கல் எத்தனை சதவீதம், எத்தனை மணிக்குப் போட்டோம், பி.எச். எவ்வளவு, எந்த ஷிப்ட், யார் கையெழுத்து எல்லாம் அதுல இருக்கும். ஐரோப்பாவுல ஒரு செருப்புல குரோம் 6 (உடம்புக்குக் கெடுதல் பண்ற வகை குரோமியம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிச்சுன்னா எங்களுக்கு மெயில் வரும். எந்த டிரம்னு நாங்க சொல்லியாகணும், சொல்லிடுவோம். ஆட்டுத் தோலுக்கு இவ்ளோ கணக்கு இருக்கறப்ப, எங்க அம்மா தோலைக் குத்தினதுக்கு ஒரு வரி கூட இல்லையா?

என் கேள்வி ரெண்டு. இந்தக் கணக்கை எப்படிக் கேட்டு வாங்கறது? அப்புறம், இது லாபத்துக்கு நடத்தறதால வர்ற கோளாறா? கவர்மெண்ட் ஆஸ்பத்திரியா இருந்தாலும் இதே கதைதான்னு என் சித்தப்பா பையன் சொல்றான். எனக்கு நிஜமாவே தெரியல.

பாலாறு_பையன்:

அம்மாவுக்கு நடந்ததுக்கு வருத்தம் அண்ணா. ஆனா தோல் கம்பெனிக்காரர் கணக்கு, கையெழுத்துன்னு பேசறதைப் பார்த்தா சிரிப்பு வருது. எங்க கிணத்துத் தண்ணிய மாட்டுக்குக் கூட வைக்க முடியல. அதுக்கு எந்த டிரம் கார்டுல எழுதியிருக்கு?

நைட்_டூட்டி:

அண்ணா, நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆறு வருஷம் தனியார்ல, இப்போ எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணிக்கு ஆள் எடுக்கற வாரியம்) தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரியில.

நீங்க பார்த்தது லிக்னோகெய்ன் பாட்டில், 30 மில்லி. பல பேருக்கு எடுக்கலாம்னுதான் அது அந்த சைஸ்ல வருது. ஆனா ஒவ்வொரு தடவையும் மூடியை ஸ்பிரிட்டால துடைக்கணும், புது ஊசியால எடுக்கணும், திறந்த தேதியை மேல எழுதணும். குத்தின ஊசியை அப்படியே நிறுத்தி வைக்கறது, பாட்டிலுக்கு ஜன்னலைத் திறந்து வெச்ச மாதிரி. காத்து, தூசி, கை பட்ட அழுக்கு எல்லாம் நேரா உள்ள போகும். நர்சிங் ஸ்கூல்ல முதல் வருஷமே சொல்லித் தர்றதுதான்.

அப்புறம் ஏன் செய்றாங்கன்னு கேட்பீங்க. நானும் செஞ்சிருக்கேன். ஒரு நைட்டுக்கு 22 பெட், நான் ஒருத்தி. ஊசி முனை டப்பா தீர்ந்தா ஸ்டோர்ல கேட்கணும், "போன வாரம்தானே குடுத்தேன்"னு ஒரு பார்வை வரும். ஒரு ஊசி முனை என்ன விலை, டீ காசு கூட இல்ல. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் மிச்சம் பிடிச்சோம். முதலாளி யாரும் "பழைய ஊசியைப் போடு"ன்னு வாய் திறந்து சொன்னது கிடையாது. சொல்லாமலே நடக்கற மாதிரி இடம் அமைஞ்சிருக்கும்.

அரசு ஆஸ்பத்திரி ஒழுங்கான்னா, அதுவும் இல்ல. 2018ல சாத்தூர்ல கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏத்தினது அரசு ஆஸ்பத்திரியில, ரத்தம் வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியில இருந்து. 2022ல சென்னையில 17 வயசு கால்பந்து பொண்ணுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணிக் கட்டின இறுக்கக் கட்டால கால் போய், உயிரும் போனது பெரியார் நகர் அரசு மருத்துவமனையில ஆரம்பிச்ச கதைதான். அங்க யாருக்கும் லாபம் கிடையாது. ஆனா ஒண்ணு பாருங்க. ரெண்டுலயும் விசாரணை வந்துச்சு, சஸ்பென்ஷன் வந்துச்சு, மந்திரி மைக் முன்னாடி நின்னு பதில் சொன்னார். எங்ககிட்ட பிரசவத்துல ஒரு தாய் இறந்தா, ஏன்னு கலெக்டர் வரைக்கும் போய் உக்காந்து பதில் சொல்லணும். அந்த மீட்டிங்னா வயித்தக் கலக்கும். தனியார்ல நான் இருந்த ஆறு வருஷத்துல, நடந்த தப்பைப் பத்தி ஒரு மீட்டிங் கூட நடக்கல. பில் கலெக்‌ஷன் மீட்டிங் மட்டும் மாசா மாசம்.

உங்க பக்கத்து ஊர் வாணியம்பாடி விஷயம் தெரியுமா? 2023ல ஒரு பல் கிளினிக்குக்குப் போன பத்துப் பேருக்கு மூளையில தொத்து வந்து எட்டுப் பேர் இறந்துட்டாங்க. மண்ணுல, தண்ணியில இருக்கற ஒரு பாக்டீரியா. வேலூர் சி.எம்.சி.யும் மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். ஆளுங்களும் சுகாதாரத் துறையும் சேர்ந்து தேடினப்ப, சலைன் பாட்டிலை பல் ஈறு நெம்புற கருவியால திறந்து, மிச்சத்தைப் பஞ்சு வெச்சு மூடித் திரும்பத் திரும்ப பயன்படுத்தினது தெரிய வந்துச்சு. அதே கதைதான், பாட்டில் மட்டும் வேற. ஆராய்ச்சிக் கட்டுரை 2025ல வந்தப்புறம்தான் ஊருக்கே விஷயம் தெரியும். ரெண்டு வருஷம் செத்தவங்க வீட்டுக்கே எதனாலன்னு தெரியாது. நான் அதைப் படிச்ச அன்னிக்கு டூட்டிக்குப் போய் முதல் வேலையா எங்க வார்டு டிரேயைத்தான் பார்த்தேன்.

சின்ன_ஊர்_டாக்டர்:

நான் 12 படுக்கை வைத்து நடத்துபவன். திட்டு வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

மருத்துவம் முதலில். மூட்டுக்குள் ஊசி போட்டால் சீழ் பிடிப்பது அரிது. எல்லா முறையையும் கடைப்பிடித்தாலும் பல ஆயிரத்தில் ஒருவருக்கு வரும், சர்க்கரை இருந்தால் வாய்ப்பு கூடும். ஆகவே அந்த டாக்டர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் மூடியில் நிற்கும் ஊசிக்கு எந்த நியாயமும் கிடையாது. சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி.

கவுண்டன்யா, நீங்கள் பாட்டிலையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் கண்ணில் அதைவிடப் பெரிதாகப் படுவது திங்கட்கிழமை போன். ஊசி போட்ட முட்டி சூடாக வீங்கி, கூடவே ஜுரமும் என்றால், அன்றைக்கே கூப்பிட்டு நீர் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஐஸ் வைக்கும் நேரம் அது இல்லை. சீழ் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் குருத்தெலும்பைத் தின்னும். மாத்திரை எழுதிய புதன்கிழமை இரண்டாவது தவறு. தொற்று எப்படி வந்தது என்பதை நிரூபிப்பது கடினம். நான்கு நாள் வீணானதை நிரூபிப்பது அவ்வளவு கடினம் இல்லை.

இப்போது லாபம். ஆமாம், லாபத்துக்குத்தான் நடத்துகிறேன். லோன் கட்டுகிறேன், ஜெனரேட்டருக்கு டீசல் போடுகிறேன், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். ஆரம்பத்தில் ஸ்கேன் சென்டர்காரர் மாதக் கடைசியில் கவர் கொண்டு வருவார். இரண்டு வருடம் வாங்கினேன். நிறுத்தியதற்குக் காரணம் நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், என் அப்பாவுக்கே தேவையில்லாத ஒரு ஸ்கேனை வேறொருவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த பிறகுதான் கை கூசியது.

எண்களைப் பார்த்தால் என் தரப்பைப் பேச முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் 36 சதவீதம், தனியாரில் 63.8. வயிறும் குழந்தையும் ஒன்றுதான், கட்டிடம்தான் வேறு. 2018இல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் டெல்லிப் பக்கம் நான்கு பெரிய தனியார் ஆஸ்பத்திரி பில்களை எடுத்துப் பார்த்தது. சிரிஞ்சு, கையுறை போன்றவற்றில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தார்கள். சிஸ்டர் சொன்ன இடத்தில் ஊசி முனையை மிச்சம் பிடிக்கிறார்கள், அங்கே அதே ஊசி முனையை விற்றுச் சம்பாதிக்கிறார்கள். இரண்டுமே ஒரே கணக்கு நோட்டுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கே என் கிளினிக்கில் ஒரு தவறு நடந்து, அதை நான் நேர்மையாக ஒரு நோட்டில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? அந்த நோட்டுதான் கோர்ட்டில் எனக்கு எதிரான முதல் சாட்சி. அதற்கு முன்பே நாற்பது பேர் வந்து கண்ணாடியை உடைப்பார்கள். அதைத் தடுக்க 2008இலேயே சட்டம் வந்தது. என் கண்ணாடி அதற்குப் பிறகும் ஒரு முறை உடைந்தது. அதனால்தான் யாரும் எழுதுவதில்லை. இதை நியாயப்படுத்தவில்லை. நடப்பைச் சொல்கிறேன்.

பாலாறு_பையன்:

டாக்டர் சார், கண்ணாடி உடைஞ்சா மாத்திக்கலாம். முட்டிய?

மாத்திரைக்கடை:

நான் மாசசூசெட்ஸில் பார்மசிஸ்ட். சொந்த ஊர் ஆரணி. "எந்த பாட்டில்" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த ஒரு கேஸ் எங்கள் மாநிலத்தில் நடந்தது.

2012. ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்று ஒரு மருந்து தயாரிக்கும் பார்மசி. உங்கள் அம்மாவுக்குப் போட்டிருக்கக்கூடிய அதே வகை ஸ்டீராய்டு, மெதில்பிரெட்னிசலோன். முதுகுவலி, மூட்டுவலிக்காரர்களுக்கு ஊசியாகப் போவது. ஒவ்வொரு நோயாளி பெயரிலும் சீட்டு வந்தால்தான் தயாரிக்கலாம் என்பது சட்டம். இவர்கள் பிரபலங்கள் பெயரையும் இல்லாத ஆள்கள் பெயரையும் போட்டு மொத்தமாக விற்றார்கள். சுத்த அறை என்று சொன்ன இடத்தில் பூஞ்சை. மூன்று லாட், 17,675 பாட்டில்கள், 23 மாநிலங்களில் 76 இடங்களுக்குப் போயின. மூளைச் சவ்வில் பூஞ்சைத் தொற்று வந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் படுத்தார்கள். சில பேருக்கு மூட்டுக்குள்ளேயே தொற்று.

இதைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது டென்னசியில் ஒரு டாக்டர். ஒரே ஒரு நோயாளி, காரணம் தெரியாத பூஞ்சை. விசித்திரமாக இருக்கிறதே என்று மாநில சுகாதாரத் துறைக்குப் போன் போட்டார். லாட் எண் எழுதி வைத்திருந்ததால், ஊசி போட்டுக்கொண்ட ஏறத்தாழ 14,000 பேரையும் தேடிப் பிடித்து, "தலைவலி வந்தால் உடனே வாருங்கள்" என்று சொல்ல முடிந்தது. அதனால் பிழைத்தவர்கள் உண்டு. உங்கள் டிரம் கார்டு செய்யும் வேலைதான் அது.

தண்டனை? முதலாளி மேல் கொலைக் குற்றமும் சேர்த்தே வழக்கு நடந்தது. ஜூரி அதிலிருந்து விடுவித்து, மோசடியில் மட்டும் குற்றவாளி என்றது. 2017இல் 9 வருடம் சிறை. பிறகு 2021இல் அதைப் பதினாலரை ஆக்கினார்கள். ஆள் செத்ததற்கு இல்லை, சீட்டில் பொய் எழுதியதற்குத்தான் உள்ளே போனான் என்று அப்போது இங்கே கடையில் நாங்கள் பேசிக்கொள்வோம். மரணங்களுக்காக மிச்சிகன் மாநிலத்தில் தண்டனை வந்தது 2024இல்தான். கண்காணிப்பும் அப்படித்தான். பல வருடங்களாகப் புகார் இருந்தும், பார்மசி என்றால் மாநிலத்தின் வேலை, மருந்துக் கம்பெனி என்றால் மத்திய அரசின் வேலை என்று இரண்டு பேரும் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் 2013இல் புதுச் சட்டம்.

வாய்தா:

வக்கீல். நுகர்வோர் வழக்குகள் நிறைய நடத்தியிருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் காகிதங்களை நான் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே, நல்ல காரியம். வீட்டில் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

முதலில் நர்சிங் ஹோமுக்கு ஒரு கடிதம், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில். "என் தாயாரின் சிகிச்சைப் பதிவுகள் முழுவதன் நகல் வேண்டும்" என்று அம்மாவே கையெழுத்துப் போட வேண்டும். 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். "அவங்க வெறும் ஓ.பி." என்று ஒரு பல்லவி வரும். நீங்கள் பெட் சார்ஜ் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த பில் பத்திரம். படுக்கைக்குக் காசு வாங்கிவிட்டுப் படுக்கவே இல்லை என்று சொல்வது கஷ்டம்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை (என் தொழிலுக்கு எதிராகச் சொல்கிறேன்). காசு வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை அதற்குள் வராது. ஆகவே உங்கள் சித்தப்பா மகனுக்குச் சொல்லுங்கள், காசு கொடுத்ததால் உங்களுக்கு ஒரு கதவு கூடுதலாகத் திறந்திருக்கிறது.

போலீசுக்கு ஓடாதீர்கள். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் சாதாரண அலட்சியம் போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும், அதுவும் வேறொரு டாக்டரின் கருத்தை வாங்கிய பிறகுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு அது மரணம் நடந்த வழக்கு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவில்கூட அலட்சியத்தால் மரணம் என்றால் மற்றவர்களுக்கு ஐந்து வருடம் வரை, பதிவு பெற்ற டாக்டருக்கு இரண்டு வருடம் வரை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது வேறு பேச்சு.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி கிளினிக் எல்லாம் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்டத்தில் ஜே.டி. ஆபீஸ், அதாவது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். அவருக்குத் தனியாக ஒரு புகார் போடுங்கள், அதில் இழப்பீடு கேட்காதீர்கள். "ஒரே பாட்டிலில் ஊசி நிறுத்திப் பலருக்குப் போட்டார்கள், வந்து பாருங்கள்" என்று மட்டும். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். டாக்டர்களை டாக்டர்களே விசாரிக்கும் இடம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள், ஆனால் போங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. என்ற தனியார் மருத்துவமனை வழக்கில் மனைவியை இழந்த குணால் சாஹாவே ஒரு டாக்டர், அமெரிக்காவில் இருப்பவர். மரணம் 1998. உச்ச நீதிமன்றம் 5.96 கோடி கொடுக்கச் சொன்னது 2013. விஷயம் தெரிந்தவருக்கே 15 வருடம்.

பாலாறு தம்பிக்கும் ஒரு வார்த்தை. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் ஒன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு, உங்கள் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராகத்தான். தீர்ப்பு வந்து எத்தனை வருடம், ஆறு எப்படி இருக்கிறது என்பதை நீயே பார்க்கிறாய்.

கவுண்டன்யா:

ஒன்றரை மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நடந்ததைச் சொல்றேன்.

முதல்ல பாலாறு தம்பிக்கு. நீ கேட்டதுக்கு அன்னிக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் நைட் ஷிப்ட்ல ஒரு கார்டை எடுத்துப் பார்த்தேன். தோலுக்குள்ள போனது கிராம் கணக்கா எழுதியிருக்கு. வெளிய போன தண்ணிக்கு அதுல கட்டமே இல்ல. ஜெர்மனிக்காரன் கேட்கறான், அவனுக்குக் கார்டு. உங்க கிணறு கேட்கல, அதுக்குக் கார்டு இல்ல. நல்ல மனசு இருந்து நாங்க எழுதல. எழுதலைன்னா ஆர்டர் போயிடும். எங்க அம்மா அந்த நர்சிங் ஹோமுக்கு ஜெர்மனிக்காரி இல்ல. இதைத்தான் நான் சுத்தி வளைச்சுக் கேட்டுட்டு இருந்தேன் போல.

கடிதம் போட்டேன். 72 மணி நேரம் 11 நாள் ஆச்சு. ரெண்டு போன், ஒரு தடவை நேர்ல. கடைசியில ரெண்டு பக்கம் குடுத்தாங்க. ஊசி பத்தி ஒரே வரி: "ரைட் நீ, இன்ஜெக்‌ஷன் கிவன்." நேரம் இல்ல, யார் போட்டாங்கன்னு இல்ல.

ஆனா மெடிக்கல் பில்லைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டீராய்டு மருந்துக்கு நேரா பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி எல்லாம் இருக்கு. எனக்கு வித்ததால பிரிண்ட் ஆகியிருக்கு. மரத்துப்போற மருந்து பில்லுலயே இல்ல. அது ரூம் பாட்டில், எல்லாருக்கும் பொது, தனியா காசு கிடையாது. அதனால நம்பரும் கிடையாது. காசு வாங்கினதுக்கு மட்டும் ஆதாரம் இருக்கு. இதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே கையில வெச்சிட்டு உக்காந்திருந்தேன்.

இன்னொண்ணும் சொல்லிடணும், எனக்குச் சாதகமா இல்லைன்னாலும். அன்னிக்குப் பெஞ்சுல இருந்தவங்கள்ல ஒரு அம்மா பரதராமி பக்கம். எங்க பீடி கமிஷன்காரர் மூலமாக் கண்டுபிடிச்சுப் போய்ப் பார்த்தேன். அவங்க முட்டி நல்லா இருக்கு. "அந்த டாக்டர் கைராசிக்காரர்"னு எனக்கே மோர் குடுத்துச் சொன்னாங்க. மத்த ரெண்டு பேர் யாருன்னு தெரியல. அதனால பாட்டில்தான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. பண்ணவும் மாட்டேன்.

டாக்டர் சார் சொன்ன வழிக்கே வந்துட்டேன். போன்ல கால் லிஸ்ட் எடுத்தேன். திங்கள் காலைல 9.12, நர்சிங் ஹோம் நம்பர், ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். புதன் எழுதின மாத்திரைச் சீட்டு இருக்கு, அதுல ஜுரம் 101னு அவங்க கையெழுத்துலயே இருக்கு. வேலூர் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில "ஊசிக்குப் பின் ஏழு நாள், தாமதமாக வந்தார்"னு எழுதியிருக்காங்க. தாமதமா வந்தது நாங்களாம். அந்த வரியை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டல.

ஜே.டி. ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போனதா நர்சிங் ஹோம் பக்கத்து டீக்கடையில சொன்னாங்க. என்ன பார்த்தாங்க, என்ன எழுதினாங்கன்னு எனக்கு ஒரு தகவலும் இல்ல. ஆனா போன வாரம் வேற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போன என் ப்ரெண்டு சொன்னான், டிரேயில இப்போ சின்னச் சின்ன பாட்டிலா இருக்காம், மூடியில ஊசி எதுவும் நிக்கலையாம். அந்த நர்ஸ் பொண்ணு அங்க இல்லையாம். அதைக் கேட்டதுல இருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. சிஸ்டர் எழுதினது ஞாபகம் வந்துச்சு. 22 பெட்டுக்கு ஒருத்தின்னு ஆக்கி வெச்சவங்க அங்கயேதான் இருக்காங்க.

வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கேன், வேலூர் போய் மனு குடுக்கணும். வாய்தா சார், நகல் எத்தனை செட் எடுக்கணும்? ஜெராக்ஸ் கடை காலைல பத்துக்குத்தான் திறக்கறான், புதன் சாயந்தரமே எடுத்து வெச்சிடறேன்.

நைட்_டூட்டி:

அந்தப் பொண்ணு பேர் தெரிஞ்சா எனக்குத் தனியா எழுதுங்க அண்ணா. வேலை ஏதாவது இருக்கான்னு விசாரிச்சுப் பார்க்கறேன்.

வாய்தா:

எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட், ஆணையத்துக்குத் தனியாக மூன்று, உங்கள் கைக்கு ஒன்று. டாக்டரையும் நர்சிங் ஹோமையும் தனித்தனி எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள். நர்ஸைச் சேர்க்க வேண்டாம். கால் லிஸ்டை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாகக் கொடுக்காமல் போன் கம்பெனியிடம் பில்லாகவே கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் எதையும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஆணையத்திலேயே கேட்டாலும் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.